பட்டி பூசி மறைத்த ஜங்ஷன் பாக்ஸ்

நேயர்களுக்கு வணக்கமுங்க. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சுவரின் மேல்பக்கம், கூரைக்கு அரையடி கீழே ஒரு மூடி தெரியும். அதுதான் வயர்கள் ஒன்றுசேரும் பெட்டி, ஜங்ஷன் பாக்ஸ். பார்வைக்கு நன்றாக இல்லையென்று அதன்மேல் பட்டியை இழுத்துத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டால் சுவர் ஒரே மட்டமாகிவிடும். வீட்டுக்காரருக்கும் திருப்தி. வயரிங் விதிப்படி அது தப்புங்க.

வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 732. வயரும் வயரும் சேரும் இடத்தைப் பார்க்கவும், சோதிக்கவும், சரிசெய்யவும் வழி இருக்க வேண்டும் என்கிறது அது. மண்ணில் புதைத்த கேபிளின் ஜாயிண்ட், இறுகிப்போகும் கலவையான காம்பவுண்ட் ஊற்றி அடைத்த ஜாயிண்ட் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. முறுக்கி டேப் சுற்றியது அந்தக் கணக்கில் வராது. ஏணி போட்டு ஏறலாம், குற்றமில்லை. ஆனால் உளி, சுத்தியல் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் திறக்க வேண்டும். மூடிமேல் பெயிண்ட் அடித்தாலும், விளிம்பைச் சுற்றி பிளேடால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.

ஏன் இத்தனை கறார்? ஜாயிண்ட் தளர்ந்தால் அங்கே மின்தடை கூடும். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே, அந்த ஒரு புள்ளியில் 35 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். ரேடியோ ரிப்பேர்க்காரரின் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடாக்கி அப்படியே சுவருக்குள் வைத்துப் பூசியது மாதிரி. டேப்பின் பசை இளகும், பிவிசி கருகும், கருகக் கருகத் தடை ஏறும். கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி விழாது, ஓடுவது வழக்கமான ஆம்பியர்தானே. கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் விழாது, கசிவு இருந்தால்தானே விழ! லைட் மினுக்குவதும், சுவரில் பழுப்புக் கறை படிவதும்தான் வெளியே தெரியும் அடையாளம்.

இப்போது ஜிப்சம் சீலிங் காலம். பழைய ஃபேன் பாக்ஸிலிருந்து எல்இடி லைட்டுகளுக்கு வயரைப் பிரித்து, பெட்டிகூட இல்லாமல் ஜாயிண்டைச் சீலிங்மேல் தொங்க விடுகிறார்கள். "லைட்டைக் கழற்றினால் ஓட்டை இருக்கே" என்பார்கள். 3 அங்குல ஓட்டையில் மணிக்கட்டுக்கு மேல் போகாது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஜாயிண்ட் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதற்கு நேர் கீழே, தலையும் கையும் நுழைய ஒன்றரை அடிச் சதுரத்தில் கழற்றும் கதவு வேண்டும். சீலிங்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு நல்ல வழி லூப்பிங், அதாவது வயரை நடுவில் சேர்க்காமல் ஒரு பாயிண்டிலிருந்தே அடுத்ததுக்குக் கொண்டுபோவது. கரண்ட் வரும் பேஸ் வயரை ஸ்விட்ச் போர்டிலேயே லூப் செய்து, நியூட்ரலை முதல் பாயிண்டுக்குப் போர்டிலும், அடுத்தவற்றுக்கு லைட், ஃபேன் பாயிண்டிலும் லூப் செய்தால் நடுவழியில் ஜாயிண்டே வராது. வயர் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கூரைப் பெட்டி வயர் இழுக்க மட்டும்தான். இருந்தாலும் பத்து வருசம் கழித்து வயர் மாற்ற அதையும் திறந்தாக வேண்டும். கான்கிரீட் போடும் முன் பெட்டிக்குள் காகிதத்தைத் திணித்து வாயை டேப்பால் அடையுங்கள், இல்லையென்றால் சிமெண்டுப் பால் இறங்கிப் பைப்பை அடைத்துவிடும். பெட்டி எங்கே இருக்கிறதென்று பின்னால் தெரிய, கம்பிமேல் அளவு டேப்பை வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மறைந்துபோன பெட்டியைத் தேட, ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். டொப்பு டொப்பென்று கேட்கும். திறக்கும் வேலை உரிமம் உள்ள வயர்மேனுடையது. மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்; இல்லையென்றால் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் உயிரோடு இருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். பழைய முறுக்கை வெட்டிவிட்டு, வயர்களைச் செருகி இணைக்கும் கனெக்டரில் குறித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 11 மில்லிமீட்டர், வயரை உரித்துச் செருகி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். மூடியை அமுக்கிப் பிடித்துத்தான் திருக முடிகிறதென்றால் பெட்டி சிறுசு. அலுமினிய வயர் ஓடும் பழைய வீட்டில் அதைச் செப்பு வயரோடு நேரடியாக முறுக்கவே கூடாது. ஈரம் பட்டால் அரித்துவிடும்.

தோட்டத்துச் சாளையில், மோட்டார் ரூம் வெளிச்சுவரில் வைக்கும் பெட்டிக்கு ரப்பர் வாஷர் உள்ள மூடி வேண்டும். பைப்பைக் கீழ்ப்பக்கம் நுழையுங்கள். மேலே ஓட்டை போட்டால் ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கும். நுழைகிற இடத்தில் இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் போட்டு இறுக்கினால்தான் எறும்பும் பல்லியும் குடியேறாது.