எலியன் விடாமல் பின்தொடர்ந்த மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்தியல் கல்லூரியில் மருந்து வேதியியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களுக்குக் கரும்பலகையில் இரண்டு படம் வரைந்து காட்டுவேன். முதலாவது ஹைப்போசாந்தின், நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் பொருள். இரண்டாவது படத்தில் ஆறாம் இடத்து ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்திருப்பேன். வேறு மாற்றமே கிடையாது. அதுதான் 6-மெர்காப்டோபியூரின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மாத்திரை. அதைச் செய்த கெர்ட்ரூட் எலியனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில், பாசமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்தார். வேதியியல் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அப்போதுதான். அப்பா பல் மருத்துவர். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் கைப்பணமெல்லாம் போயிருந்தது. ஹன்டர் கல்லூரியில் கட்டணம் இல்லை என்பதால் படிக்க முடிந்தது. 1937இல் மிகச் சிறப்பாகத் தேறியும் ஆய்வு வேலை கிடைக்கவில்லை. பெண் ஒருத்தி இருந்தால் மற்றவர்கள் கவனம் கலையும் என்று ஓரிடத்தில் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் ஓர் உணவு ஆய்வகத்தில் ஊறுகாயின் புளிப்பை அளந்தார், மயோனைஸின் நிறம் சரியா என்று பார்த்தார். 1944இல் பரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனத்தில் ஆய்வாளர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்த பிறகே அவருக்கேற்ற வேலை அமைந்தது. முனைவர் பட்டத்துக்கு மாலை வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்க வா என்று கல்லூரியில் சொன்னபோது, படிப்பை விட்டார்.

சரி, ஆய்வகத்தில் என்ன செய்தார்கள்? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிதாக டி.என்.ஏ. கட்ட வேண்டும். அதற்குப் பியூரின் என்ற கட்டுமானப் பொருள் வேண்டும். அசலைப் போலவே இருக்கும் போலிப் பியூரினைக் கொடுத்தால், வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு முடங்கிப்போகும் என்பது ஹிட்சிங்ஸின் யோசனை. எலியன் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பியூரின்களை ஒவ்வொன்றாகச் செய்து, முதலில் பாக்டீரியாவின் மேல் சோதித்துப் பார்த்தார். 1951இல் மெர்காப்டோபியூரின் வந்தது.

லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், என்று தெரிந்த குழந்தை மூன்று நான்கு மாதம் இருந்தாலே அதிகம் என்ற காலம் அது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, சில பிள்ளைகள் முழுக்கத் தேறி எழுந்தார்கள். 1953இல் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. ஆனால் மாதங்கள் போனதும் பலருக்கு நோய் திரும்பியது.

நான் எலியனை மதிப்பது இதற்கு அப்புறம் அவர் செய்ததற்காகத்தான். மருந்து செய்தாயிற்று, இனி டாக்டர்கள் பாடு என்று அவர் விடவில்லை. அது உடம்புக்குள் எங்கே போகிறது, எதனால் வீணாகிறது என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். சாந்தின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதைச் சிதைக்கிறது என்று தெரிந்தது. அந்த நொதியைத் தடுக்க அல்லோபூரினாலை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயில் நினைத்த பலன் இல்லை. மருந்தின் வீரியம் கூடியபோது நச்சுத்தன்மையும் சேர்ந்தே கூடியது. ஆனால் யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதிதான் என்பதால், நோயாளிகளின் யூரிக் அமிலம் நன்றாகக் குறைந்தது! யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கி வலிக்கிறவர்கள் இன்று சாப்பிடும் மாத்திரை அதுதான்.

இன்னொரு கிளையும் உண்டு. மெர்காப்டோபியூரின் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது என்று பாஸ்டனில் முயல்களிடம் கண்டுபிடித்தார்கள். எலியன் குழு செய்த அதன் உறவுக்கார மருந்து அசத்தியோபிரின். பொருத்திய உறுப்பை உடம்பின் எதிர்ப்பு சக்தி தாக்காமல் இருக்க அது உதவுமா என்று அறுவை மருத்துவர் ராய் கால்ன் நாய்களிடம் சோதித்தார். 1962இல் இன்னோர் அறுவை மருத்துவர் ஜோசப் முர்ரே அதன் துணையோடு, ரத்த உறவில்லாதவரின் சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்.

லுக்கேமியாவில் தனி மருந்தால் முடியாததை, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது சாதித்தார்கள். மெர்காப்டோபியூரினோடு சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் பிறந்தது. அவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்களில் இன்று பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு வந்தது, முனைவர் பட்டம் இல்லாமலே.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுத்துவரலாம். பிள்ளை ஓடி விளையாடுகிறான், ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, இனி எதற்கு என்று தோன்றும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எலியன் காலத்தில் தேறிய பிள்ளைகளிடம் திரும்பி வந்த அந்த நோயைத் தடுக்கத்தான் இரண்டு ஆண்டுக்கும் மேலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு வேளை தவறிப்போனால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வணக்கம்.