நடுவுல வந்த முற்றும்

வணக்கம் நேயர்களே. அடுப்படில வேலைக்கு நடுவுல கேக்கறவங்க, பஸ்ல போயிட்டே கேக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம். நான் ரொம்ப வருஷமா காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவ. இன்னிக்கு பேசப்போறது, நம்ம உடம்புல இருக்கற செல் தப்பான நகல எப்படி கண்டுபிடிச்சு அழிக்குதுங்கறதப் பத்தி. ஆனா அதோட அடிப்படைய நான் கத்துக்கிட்டது ராயப்பேட்டைல ஒரு பைண்டிங் கடைல.

எங்கப்பாவுக்கு அங்கதான் வேலை, ஸ்கூல் விட்டா நான் நேரா அங்க போயிடுவேன். மைதா பசை வாசனை, தரை முழுக்க ஃபாரம் ஃபாரமா காகிதக் கட்டு. 16 பக்கம் ஒரு ஃபாரம். ஒவ்வொண்ணோட முதல் பக்கத்துலயும் கீழ் ஓரத்துல பொடியா ஒரு நம்பர் இருக்கும், கதை படிக்கிறவங்க கண்ணுல அது படாது, அது பைண்டருக்குன்னே போடறது. ஒருநாள் தைச்சு வெச்சிருந்த நாவல் ஒண்ண எடுத்துப் படிச்சிட்டிருந்தேன், பாதி கதைலயே "முற்றும்"னு வந்துடுச்சு. "என்னப்பா இது?"ன்னு கேட்டேன். அப்பா வாங்கிப் பார்த்தார், அடுத்த பக்கத்தப் புரட்டினார், கீழ விரல் வெச்சு காமிச்சார். "முற்றும்னு போட்டப்புறமும் ஃபாரம் நம்பர் வருது பாரு கண்ணு, கடைசி ஃபாரத்த நடுவுல கோத்துட்டாங்க." அவ்ளோதான், கத்தி எடுத்து நூல அறுத்துட்டார். காசு குடுத்து வாங்கறவங்க கைக்கு அது போகவே கூடாதுன்னார்.

இதையேதான் நம்ம செல்லும் செய்யுது. டிஎன்ஏங்கறது பெட்டில பூட்டி வெச்ச மூலப் பிரதின்னு வெச்சுக்குங்க, அத வெளிய எடுக்க மாட்டாங்க, தேவையான பக்கத்த மட்டும் நகல் எடுத்து அனுப்புவாங்க. அந்த நகல்தான் எம்ஆர்என்ஏ. அதப் படிச்சு புரதம் செய்யற மெஷின் ரைபோசோம், சிதம்பரத்துல பொறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009ல நோபல் வாங்கிக் குடுத்துச்சே, அதே ரைபோசோம்தான். முதல்ல எடுக்கற நகல்ல நடுநடுவுல வேண்டாத பகுதி இருக்கும், அத வெட்டிட்டு மீதித் துண்டுகள ஒட்டணும். ஒட்டுற ஒவ்வொரு இடத்துக்கும் 20, 24 எழுத்து முன்னாடி செல் ஒரு புரத அடையாளம் வெக்கும். ஃபாரம் நம்பர் மாதிரியேதான்! ரைபோசோம் முதல் தடவ படிச்சிட்டே போறப்ப அந்த அடையாளங்கள எல்லாம் தட்டிவிட்டுட்டே போகும். முற்றும்ங்கற இடம் வந்தப்புறமும் அதுக்கு அந்தப் பக்கம் அடையாளம் மிச்சம் இருந்தா என்ன அர்த்தம்? முற்றும் தப்பான எடத்துல இருக்கு. உடனே யுபிஎஃப்1னு ஒரு புரதம் ஆள் சேர்த்துக்கிட்டு வந்து அந்த நகலையே அழிச்சுடும்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, இத தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் காட்டிக்குடுத்துச்சு. 1981ல லின் மாக்வாட்டும் கூட இருந்தவங்களும் நோயாளிகளோட எலும்பு மஜ்ஜைய ஆராய்ஞ்சப்ப, ஹீமோகுளோபின்ல ஒரு பாகமான பீட்டா குளோபின் புரதத்தோட நகல் உண்டாகுது, ஆனா நிக்காம அழிஞ்சுபோகுதுன்னு பார்த்தாங்க. சார்டினியாவுல அதிகமா இருக்கற ஒரு வகைல 39ஆவது சொல், அதாவது மூணெழுத்து சேர்ந்த சொல், முற்றும் ஆயிடுது, புரதத்துல 146 அமினோ அமிலம் கோக்க வேண்டிய எடத்துல 38தான் வரும். செல் அந்த நகல கிழிச்சுடுது. அப்பா கிட்டயிருந்தோ அம்மா கிட்டயிருந்தோ ஒரே ஒரு பிழைப் பிரதி வந்தவங்க லேசான சோகையோட நல்லாவே இருக்காங்க, இன்னொரு பிரதி வேலை செய்யுதே. ஆனா 121ஆவது சொல்லுல அதே பிழை வந்தா? அது ஒட்டுன துண்டுகள்ல கடைசி துண்டுல இருக்கு, அதுக்கப்புறம் அடையாளமே இல்ல, அதனால பிழை நகல் தப்பிச்சுடும், அரைகுறை புரதம் குவிஞ்சு ரத்த செல்ல உள்ளயே கெடுக்கும், ஒரே பிரதில பிழை இருந்தாலும் நோய் வந்துடும். முழுசா இல்லாம போறத விட அரைகுறையா வர்றது மோசம். இத நான் வகுப்புல சொல்லாத வருஷமே கெடையாது.

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு வருஷக்கணக்கா இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, சோகை போகல. கடைசில ஹெச்பிஏ2ங்கற ஒரு வகை ஹீமோகுளோபினோட அளவ ரத்தத்துல பார்த்தப்பதான் தலசீமியா கேரியர், அதாவது ஒரே ஒரு பிழைப் பிரதி உள்ளவன்னு தெரிஞ்சுது. அவளுக்கு அதனால பெருசா கஷ்டமில்ல, ஆனா கட்டிக்கறவரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு அபாயம், ரத்தம் ஏத்திட்டே வளர வேண்டிய குழந்தை. ஜாதகம் பாக்கறதோட இந்த டெஸ்ட்டையும் பாத்துடுங்கன்னு கையெடுத்து கேட்டுக்கறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிய காட்டறாங்க, சுருக்கமா சொல்றேன். நல்ல நகலுக்கும் ஆயுசு உண்டு, சிலது அரை மணி நேரத்துல போயிடும், குளோபின் நகல் ஒரு நாளுக்கு மேல தாங்கும், அதனாலதான் உட்கருவ வெளிய தள்ளிட்ட இளம் சிவப்பணு கூட ஹீமோகுளோபின் செஞ்சிட்டே இருக்கு. முற்றும்னே இல்லாத நகல், நடுவுல ரைபோசோம் சிக்கிக்கிட்ட நகல், இதுகளுக்கு தனித்தனி ஏற்பாடு. தடுப்பூசி எம்ஆர்என்ஏ, 2023 நோபல், அதெல்லாம் சொல்ல ஆசை, நேரமில்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும். இரும்ப சேமிச்சு வெக்கற ஃபெரிடின் நகல் செல்லுல தயாராவே இருக்கும். இரும்பு கம்மியா இருந்தா ஒரு புரதம் அதோட ஆரம்பத்துலயே போய் உக்காந்துக்கும், ரைபோசோமால ஏற முடியாது. இரும்பு வந்த உடனே அது எழுந்து வழி விடும், புதுசா ஒரு எழுத்து எழுதாமலே வேலை ஆரம்பிச்சுடும். வரேங்க, வணக்கம்.