ஈர மண்ணுல கால் வைக்காதீங்க

வணக்கம். எல்லாரும் நல்லாருக்கீங்களா? நீங்க பதில் சொன்னாலும் இங்க எனக்கு கேக்காது, ஆனாலும் கேட்டு பழகிப்போச்சு, எங்க வீட்டு செடிங்ககிட்டயும் தினம் காலைல இதையேதான் கேப்பேன், அதுங்களும் பதில் சொல்றதில்ல.

வசந்த காலத்துல வீடு, வாசல், பூந்தோட்டம் இதெல்லாம் எப்டி பாத்துக்கறது, கொஞ்ச நேரம் ரேடியோல பேசுங்கன்னு இந்த நிலையத்துக்காரங்க கூப்பிட்டாங்க. நான் நாலு பக்கம் எழுதி எடுத்துட்டு வந்துருக்கேன். மண்ணு, இலைச்சருகு, ரோஜா, கடைசியா வீட்டு வேலை. நாலையும் முடிச்சிடுவேன்னு இவங்ககிட்ட வாக்கு குடுத்துட்டுதான் உள்ள வந்தேன். எங்க வீட்டுக்காரர் மட்டும் கிளம்பும்போது சிரிச்சாரு.

சரி, மொதல்ல உங்களுக்கே தெரிஞ்ச ஒரு காலைய சொல்றேன். குளிரெல்லாம் போயி நல்லா வெயில் அடிக்குது, கதவைத் திறந்துட்டு வாசல்ல நிக்கறீங்க, தோட்டம் பூரா நனைஞ்ச சருகு, காஞ்ச குச்சி, பாத்தி எல்லாம் அலங்கோலமா கெடக்கு. பாத்த ஒடனே கை பரபரங்கும். இன்னைக்கே கூட்டி, கொத்தி, நட்டு எல்லாத்தையும் முடிச்சிடணும்னு நேரா போயி மண்வெட்டிய எடுப்பீங்க. எடுத்தீங்கள்ல? அதை எடுத்த எடத்துலயே திருப்பி வைங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்தது இவ்ளோதான், மிச்சமெல்லாம் ஏன் எதுக்குங்கற கதை. மண்ணு ரெடியாகுற வரைக்கும் நாம தொடக்கூடாது.

இது எனக்கு புத்தகம் படிச்சு வந்த அறிவு இல்ல, பட்டு வந்தது. நாங்க இப்ப இருக்கற வீட்டுக்கு குடி வந்த மொத வருஷம், முன்னாடி நல்ல பெரிய எடம், எனக்கு தலைகால் புரியல. மழை விட்டு ரெண்டு நாள்கூட ஆகல, நான் இறங்கி கொத்த ஆரம்பிச்சிட்டேன், செருப்புல ஒட்டுன மண்ணே ரெண்டு கிலோ இருக்கும், அப்டியும் விடாம ஒரு மூலைல ஆரம்பிச்சு மறு மூலை வரைக்கும் மிதிச்சு மிதிச்சு கொத்தி, பாத்தி கட்டி, பூச்செடி நாத்து வாங்கிட்டு வந்து வரிசையா நட்டுட்டேன். பாக்க படம் மாதிரி இருந்துச்சு. பத்து நாள்தான். வெயில் ஏற ஏற அந்த மண்ணு செங்கல் மாதிரி இறுகிப்போச்சு. தண்ணி ஊத்தினா உள்ள போகாம மேலயே குளம் கட்டி நிக்குது. செடி ஒவ்வொண்ணா தலைய தொங்கப் போடுது. ஐயோ தாகம் போலன்னு நான் இன்னும் ஊத்தறேன். அது இன்னும் தொங்குது. நான் இன்னும் ஊத்தறேன். கடைசில ஒண்ண பிடுங்கி பாத்தா வேரு கறுத்து, அழுகின நாத்தம்.

பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு இத்தனை நாளும் பாத்துக்கிட்டுதான் இருந்துருக்காங்க. அன்னைக்குதான் வாயத் திறந்தாங்க. "ஏண்டி, கொத்தறதுக்கு முன்னாடி மண்ண கையில எடுத்து பாத்தியா?"

நான் முழிச்சேன். கையில எடுத்து என்னத்த பாக்கறது? அவங்க சொல்லிக் குடுத்ததைத்தான் இப்ப உங்களுக்கு சொல்றேன், ரேடியோல படம் காட்ட முடியாது, அதனால இப்பவே கைய நீட்டுங்க. கைப்பிடி மண்ணு எடுக்கறீங்க, மேல் மண்ணு வேணாம், ஒரு விரல் ஆழத்துல இருந்து. நல்லா மூடி ஒரு அமுக்கு அமுக்கறீங்க. கையத் திறந்தா உருண்டையா நிக்கும். இப்ப கட்டைவிரலால லேசா ஒரு குத்து. பொலபொலன்னு உதிர்ந்துச்சா, மண்ணு ரெடி, போயி மண்வெட்டிய எடுங்க. உதிராம வழவழன்னு விரல் பதிஞ்சு அப்டியே நிக்குதா, இன்னும் ஆகல, உள்ள போயி வேற வேலை பாருங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்து திரும்ப அமுக்கி பாருங்க. அவ்ளோதான் சோதனை. ஒரு பைசா செலவில்ல.

ஏன்னு கேட்டா, நல்ல தோட்டத்து மண்ணுல கிட்டத்தட்ட பாதிதாங்க மண்ணு, மீதி பாதி வெறும் இடைவெளி, அந்த இடைவெளில கொஞ்சம் தண்ணியும் கொஞ்சம் காத்தும் இருக்கும். ஸ்பாஞ்ச் மாதிரி வச்சுக்குங்களேன். ஈரமா இருக்கும்போது மேல ஏறி மிதிச்சா அந்த ஓட்டையெல்லாம் நசுங்கி மூடிக்கும், காஞ்சாலும் திறக்காது. வேருக்கும் மூச்சு விட காத்து வேணும், இதைத்தான் நாம மறந்துடறோம். தண்ணி பத்தாம செத்த தொட்டிச் செடிய விட தண்ணி அதிகமாகி செத்ததுதான் நான் நிறைய பாத்துருக்கேன். இதுல பெரிய கூத்து என்னன்னா, ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான், வேரு அழுகினாலும் செடிக்கு தண்ணி ஏறாது, இலை தொங்கும். நாம தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்துவோம். அதனால இலையப் பாத்து தண்ணி ஊத்தாதீங்க, மண்ணுல விரல விட்டு பாத்து ஊத்துங்க. அந்த பாட்டி சொன்னதேதான், கையில எடுத்து பாத்தியா?

அப்ப மிதிச்சு கெட்டுப்போன மண்ண யாரு சரி பண்றது? நான் பண்ணல. அதுக்குன்னே ஆள் இருக்கு, கூலி கேக்காத ஆள். மண்புழு. இங்கதான் என் வீட்டுக்காரர் சிரிச்சதுக்கு அர்த்தம், மண்புழுன்னு ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்னு அவருக்கு தெரியும்.

சார்லஸ் டார்வின் தெரியும்ல, பரிணாமம்னு சொன்னவரு. அவரு 1881ல, சாகறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடி, மண்புழுவப் பத்தி மட்டும் ஒரு முழு புத்தகம் போட்டாரு. சும்மா வயசான காலத்து பொழுதுபோக்குன்னு நினைச்சுடாதீங்க, நாப்பது வருஷத்துக்கு மேல இதை மனசுல வச்சிருந்த மனுஷன். இங்கிலாந்துல அவரு வீட்டுக்கு பக்கத்துல ஒரு வயல், அதுல 1842 டிசம்பர்ல சுண்ணாம்புக் கட்டிய உடைச்சு மேலாக்க பரப்பி வச்சிருந்தாங்க. அவரு அதை மறக்கல. 1871 நவம்பர் கடைசில, அதாவது 29 வருஷம் கழிச்சு, அங்க ஒரு பள்ளம் வெட்டி பாக்கறாரு. மேல போட்ட சுண்ணாம்பு 7 அங்குலத்துக்கு கீழ இருக்கு, வரிசையா, கோடு போட்ட மாதிரி. யாரும் கொத்தல, யாரும் மண்ணு கொட்டல. புழுங்க கீழ இருந்து மண்ண தின்னு தின்னு மேல கொண்டாந்து எச்சமா போட்டுருக்கு, கல்லு தானா கீழ இறங்கிடுச்சு. வருஷத்துக்கு கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கம்மி, பாத்தீங்களா, அவசரமே இல்ல. 29 வருஷம் காத்திருந்து பள்ளம் வெட்டுன மனுஷன் ஒருத்தரு, நமக்கு மழை விட்டு ரெண்டு நாள் பொறுக்க முடியல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதைச் சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. புழுவுக்கு காது கேக்குதான்னு பாக்கணும் அவருக்கு. தொட்டில மண்ணு போட்டு புழுவ வீட்டுக்குள்ள வச்சு வளத்தாரு. அதுங்க முன்னாடி விசில் ஊதி பாத்தாங்க, அசையல. பாசூன்னு ஒரு நீளமான ஊதுகுழல், அடித்தொண்டைல முழங்குற மாதிரி சத்தம் வரும், அதையும் ஊதி பாத்தாங்க, ம்ஹூம். கத்தி பாத்தாங்க. பக்கத்துல மேசைல தொட்டிய வச்சு பியானோவ பலமா வாசிச்சாங்க, அப்பவும் சும்மா இருந்துச்சு. அப்புறம் தொட்டிய தூக்கி பியானோ மேலயே வச்சு, வாசிக்கற கட்டைல ஒண்ண தட்டினதும் சட்டுனு பொந்துக்குள்ள போயிடுச்சு! காது கிடையாது, ஆனா அதிர்வு தெரியும். அந்த வீட்டுல யாராவது விருந்தாளி வந்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

இதைப் படிச்சதுல இருந்து நான் ராத்திரி டார்ச்சுல சிவப்பு கண்ணாடித்தாள் சுத்திக்கிட்டு தோட்டத்துல உக்காந்துருக்கேன். சிவப்பு வெளிச்சம் அதுங்களுக்கு அவ்வளவா உறைக்காது. மழை பேஞ்ச ராத்திரி பாருங்க, வால் மட்டும் பொந்துக்குள்ள, உடம்ப நீட்டி ஒரு காஞ்ச இலைய புடிச்சு உள்ள இழுக்கும், சுருக்குனு. எங்க வீட்டுக்காரர் குடை புடிச்சிக்கிட்டு பின்னாடி நிப்பாரு, பாவம். அப்புறம் சின்னப் பிள்ளைங்க புழுவ வெட்டினா ரெண்டு புழுவாகும்னு சொல்லும், ஆகாதுங்க. சாதாரணமா தோட்டத்துல பாக்கற புழு, நல்ல நேரம் இருந்தா தலைப்பக்கம் பொழைக்கும், வால்பக்கம் செத்துடும். மண்வெட்டிய வேகமா போடறவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.

அப்ப புழு இழுக்கறதுக்கு இலை வேணும்ல? இது என் ரெண்டாவது பக்கம். சருக மொத்தமா கூட்டி அள்ளிடாதீங்க. நடக்கற பாதைல, வாசப்படில இருக்கறத கூட்டுங்க, வழுக்கும். செடிக்கு கீழ இருக்கறது இருக்கட்டும், அதுதான் மூடாக்கு. ரெண்டு மூணு அங்குல கனத்துக்கு சருகு கெடந்தா மண்ணு சீக்கிரம் காயாது, களை கம்மியாகும், புழு மேல வரும். ஒண்ணு மட்டும், தண்ட ஒட்டி குமிச்சு வைக்காதீங்க, தண்டு அழுகும், நாலு விரல் தள்ளியே இருக்கட்டும்.

அந்த சருகுக்குள்ளயும் உள்ள ஓட்டையா இருக்கற காஞ்ச தண்டுக்குள்ளயும் குளிர் காலம் பூரா யாரோ தூங்கிட்டு இருக்காங்க. பொறிவண்டு இருக்கும். தேனீன்னா கூடு கட்டி கூட்டமா இருக்கறதுதான் நமக்கு தெரியும், ஆனா உலகத்துல தேனீ வகை 20,000க்கு மேல, அதுல பெரும்பாலானது தனியா வாழறது, மண்ணுல குழி தோண்டியோ தண்டு ஓட்டைலயோ முட்டை வைக்கும். நீங்க மொத வெயிலன்னைக்கே எல்லாத்தையும் வெட்டி எரிச்சா, பூ பூக்கும்போது வரவேண்டியவங்கள பூக்கறதுக்கு முன்னாடியே எரிச்சாச்சு. அப்புறம் ரோஜா மொக்குல அசுவினி பூச்சி அப்பிக்கிச்சு, என்ன மருந்து அடிக்கறதுன்னு எனக்கே போன் வரும். அசுவினி இருக்கே, வசந்தத்துல அதுக்கு ஆண் துணையே தேவையில்ல, பொட்டையெல்லாம் நேரா குட்டி போடும், அந்த குட்டி வயித்துக்குள்ளயே அடுத்த குட்டி வளர ஆரம்பிச்சிருக்கும். அதோட போட்டி போட்டு மருந்தடிச்சு ஜெயிக்க முடியாது. பொறிவண்டோட புழு, கறுப்பா ஆரஞ்சு புள்ளி வச்சு சின்ன முதலை மாதிரி இருக்கும், பாக்க பயமா இருக்குன்னு அதைத்தான் மொதல்ல நசுக்குவாங்க, அது ஒண்ணு வளர்றதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினிய தின்னும். நசுக்காதீங்க. அதுங்க வர்ற வரைக்கும் குழாய்த் தண்ணிய வேகமா பீச்சி அடிச்சா போதும், விழுந்த அசுவினில பெரும்பாலானது திரும்ப ஏறாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிலையத்துக்காரங்க விரல காட்டறாங்க, ரெண்டா மூணா தெரியல, என் மூக்குக்கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். ரெண்டு நிமிஷமாம். சரி, ரோஜா.

ரோஜாவ கவாத்து பண்ண, அதாவது கிளைய வெட்டி விட, பயப்படாதீங்க. செத்த குச்சி, ஒண்ணோட ஒண்ணு உரசுற குச்சி, இது ரெண்டையும் மொதல்ல எடுங்க. மிச்சத்துல, வெளிப்பக்கம் பாத்த மாதிரி குச்சில ஒரு துளிர் மொட்டு இருக்கும்ல, அதுக்கு கொஞ்சம் மேல, சாய்வா ஒரு வெட்டு. வெளிப்பக்க மொட்டுன்னா கிளை வெளிய பாத்து வளரும், நடுவுல காத்தோடும். நுனிய வெட்டினா செடி நின்னுடாது, நுனில இருந்து இறங்கற ஒரு பொருள்தான் பக்க மொட்டுங்கள எழும்ப விடாம அமுக்கி வச்சிருக்கு, நுனி போச்சுன்னா பக்கத்துல நாலு எழும்பும். கத்தரிய ஒவ்வொரு செடிக்கும் நடுவுல ஸ்பிரிட் போட்டு தொடைங்க, ஒரு செடி நோயை இன்னொண்ணுக்கு நாமளே கொண்டு போறோம். உறைபனி விழற எடத்துல இருக்கறவங்க கடைசி பனி போற வரைக்கும் நாத்த வெளிய நடாதீங்க, வீட்டுக்குள்ள வளத்ததா இருந்தா ஒரு வாரம் பத்து நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வச்சு பழக்குங்க, ஒரேடியா வெயில்ல வச்சா இலை வெளுத்துப்போகும். உரம் பத்தியும் இதே பக்கத்துல எழுதிருந்தேன், போகட்டும், தழைச்சத்த, அதாவது நைட்ரஜன் உரத்த, அள்ளி போட்டா இலை வரும், பூ வராது, அது மட்டும் தெரிஞ்சிக்குங்க.

வீட்டு வேலைன்னு ஒரு பக்கம் இருந்துச்சே... கூரைல இருந்து தண்ணி இறங்கற குழாய்ல சருகு அடைச்சிருக்கும், எடுத்துடுங்க, எடுத்த சருக தூக்கி போடாம பாத்திலயே போடுங்க. ஜன்னல் கம்பிய தொடைக்கறது... சரி அது உங்களுக்கே தெரியும். தொட்டிக்கு அடில தட்டு வச்சிருப்பீங்கள்ல, அதுல நிக்கற தண்ணிய வாரத்துக்கு ரெண்டு தடவை கொட்டிடுங்க, கொசு முட்டைல இருந்து முழு கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாளே போதும்... ஆங், முடிஞ்சுது, எந்திரிச்சிட்டேன், மைக்க கழட்ட வர்றாங்க. மண்ண கையில எடுத்து அமுக்கி பாத்துட்டு அப்புறமா கொத்துங்க, வர்றேன், வணக்கம்.