பசுவை 'ஹீ' என்று சொல்லும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். நெதர்லாந்தில் டச்சு பேசும் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 1986 முதல் அங்கே தொடக்கப் பள்ளியிலேயே ஆங்கிலம் கட்டாயம். பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் 'அவன், அவள், அது' வரும் இடத்திலும், 'இது யாருடையது' என்று சொல்லும் இடத்திலும் இடறுவார்கள். அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஒரு விதிப்படிதான் எழுதுகிறார்கள். என்ன, அது டச்சு விதி.

பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹீ கிவ்ஸ் மில்க்' என்பான் பையன். டச்சில் பெயர்ச்சொற்கள் இரண்டு கூட்டம்: முன்னால், ஆங்கில 'தி' போல, 'டெ' சேர்வது ஒன்று, 'ஹெட்' சேர்வது இன்னொன்று. 'டெ' கூட்டத்துப் பொருளை, மேசையோ நாற்காலியோ, நெதர்லாந்தில் பேச்சில் 'அவன்' என்பதுதான் வழக்கம். பசுவும் அந்தக் கூட்டம்தான், பால் கொடுத்தாலும் அவன்தான். பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்கள் பலர் பசுவை இன்னும் 'அவள்' என்பார்கள். போதாக்குறைக்கு, 'அவனுடைய', 'அதனுடைய' இரண்டுக்கும் டச்சில் ஒரே சொல். அதனால் நாற்காலிக் காலும் 'ஹிஸ் லெக்' ஆகிவிடும். உயர்திணை, அஃறிணை பழகிய நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது அப்பாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்குப் பக்கத்தில் மேலே போடும் அந்தச் சின்னக் குறி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். உட்ரெக்ட் நகரத்துக் கடைப் பலகையில் 'பிட்சாஸ்' என்று எழுதி, எஸ்ஸுக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வரும் நண்பர்கள் அதைப் படம் எடுத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள், டச்சில் அதுதான் சரி! சும்மா எஸ்ஸை ஒட்டினால் கடைசி 'ஆ' குறிலாகிவிடும். அது நெடிலாகவே ஒலிக்கத்தான் அந்தக் குறி. ஃபோட்டோ, டாக்ஸி, மெனு எல்லாவற்றின் பன்மைக்கும் அப்படித்தான். உடைமைக்கும் அதே கணக்கு: 'அன்னா' உயிரில் முடிகிறது, குறி உண்டு. 'பீட்டர்' மெய்யில் முடிகிறது, குறி வேண்டாம், எஸ்ஸை நேரே ஒட்டலாம்.

இப்போது அந்தப் பிள்ளையின் ஆங்கில நோட்டைத் திறங்கள். 'ஃபோட்டோஸ்' என்ற பன்மையில் வேண்டாத குறி இருக்கும். 'பீட்டர்ஸ் பைக்' என்பதில் வேண்டிய குறி இருக்காது. இரண்டும் ஒரே விதியின் பிள்ளைகள். மறுபடியும் சொல்கிறேன்: டச்சில் அந்தக் குறி உச்சரிப்புக்கு, ஆங்கிலத்தில் உடைமைக்கு. வகுப்பில் இதைச் சொன்னால் போதும், அவர்களே திருத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ'. டச்சில் 'என்னுடைய நண்பன் ஒருவன்' என்பதற்கு அப்படித்தான் அமைப்பு. 'மைன்' என்று முடிக்க வேண்டும் என்பதைப் பழக்கத்தில்தான் கொண்டுவர முடியும். 'திஸ் பைக் இஸ் ஆஃப் மீ' என்பதும் இதே வகை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. 'ஐ ரிமெம்பர் மீ', 'ஐ ஃபீல் மீ சிக்' பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நினைவுகூர்வதற்கும், உடம்பு சரியில்லை என்று உணர்வதற்கும் டச்சில் 'என்னை' கட்டாயம். ஆங்கிலத்தில் அந்த 'மீ'யை எடுத்துவிடச் சொல்லுங்கள், வாக்கியம் சரியாகிவிடும். நன்றி, வணக்கம்.