ஆற்காட்டுக் கடன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கர்நாடகப் போர் என்றதும் பள்ளிக்கூடப் பாடம் நினைவுக்கு வரும். இங்கே கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காட்டு நவாப் ஆண்ட நம் சீமை. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ். தேதி எழுதினால் மார்க். செலவு யார் தலையில் விழுந்தது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

இது வாரிசுச் சண்டையாகத்தான் ஆரம்பித்தது. 1742-இல் நவாப் சப்தர் அலி நம் வேலூரில் கொல்லப்பட்டார். ஏற்பாடு செய்தவர் கோட்டையைக் கையில் வைத்திருந்த மைத்துனர் முர்தசா அலி. மராட்டியருக்குக் கட்டவேண்டிய தொகைக்காக, 'உன் பாக்கியை வை' என்று நவாப் அவரை நெருக்கிவந்தார். அங்கேயே பணம் வந்துவிட்டது பாருங்கள்.

பிறகு ஹைதராபாத் நிஜாம் அன்வருத்தீனை நவாப் ஆக்கினார். பழைய குடும்பத்து மருமகன் சந்தா சாகிப் விடவில்லை. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் போரில் மாண்டார். மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி துணை. துணை என்றால் சும்மா இல்லை. சிப்பாய் சம்பளத்திலிருந்து வெடிமருந்து வரை நவாப் பேரில் பற்று எழுதினார்கள். 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஜெயித்த முகமது அலி, நம் வாலாஜாபேட்டைக்குப் பேர் கொடுத்தவர், கழுத்தளவு கடனோடு ஜெயித்தார்.

1763-இல் செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலை அனுபவிக்கும் மானியமாக, கொடுத்தும் கடன் அடையவில்லை. கம்பெனிக் கடனாவது வெளிப்படையானது. கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தப் பேரில் நவாபுக்குக் கொடுத்த கடன்தான் விவகாரம். வட்டி 20 சதவீதத்துக்கும் மேல். ஈடு, கிராமங்களின் வரி. பயிர் அறுபடும் முன்பே வசூல் உரிமையைக் கடன் கொடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நவாபைக் கண்காணிக்கவேண்டிய மதராஸ் கவுன்சிலில், அதாவது கம்பெனியின் ஆட்சிக் குழுவில், இருந்தவர்களிலும் பலர் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள். கந்துவட்டிக்காரரே தாசில்தார் நாற்காலியிலும் உட்கார்ந்தால் மனுவை யாரிடம் நீட்டுவது?

நவாபைப் பாவம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சேப்பாக்கத்து அரண்மனையில் இருந்துகொண்டு, கடன் கொடுத்தவர்கள் இருக்கும்வரை தன் பதவிக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டே வாங்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

நம் சீமை வசூல் போதாமல் போனது. 1773-இல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்தது. 1776-இல் கம்பெனியின் மதராஸ் ஆளுநர் பிகாட், லண்டன் உத்தரவுப்படி தஞ்சையை ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், 'நவாப் எனக்குக் கடன்பட்டவர், தஞ்சாவூரில் நிற்கிற பயிர் என்னுடையது' என்று வந்து நின்றார். பிகாட் இடம் கொடுக்கவில்லை. கவுன்சில் பெரும்பான்மை ஆளுநரையே கைது செய்தது! அடுத்த ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். பென்ஃபீல்டோ 1780-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். திரும்பி மதராஸுக்கும் வந்தார். நவாபின் ரகசிய ஆளாக லண்டன் போன ஜான் மெக்பெர்சன், பின்னாளில் தற்காலிக கவர்னர் ஜெனரல்.

அதே 1780-இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி கணவாய் வழியாக இறங்கி ஆற்காட்டைப் பிடித்தார். வேலூர்க் கோட்டை முற்றுகையில் தாங்கியது. சுற்றியிருந்த ஊர்கள் தாங்கவில்லை. போருக்குப் பின்னாலேயே பஞ்சமும் வந்தது.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடனைப் பற்றி நீண்ட உரையாற்றி, கடன்காரர்கள் அங்கே இடம் பிடித்ததைப் பெயர் சொல்லியே தாக்கினார். எடுபடவில்லை. விசாரணையில்லாமல் கடனை ஏற்ற அரசின் முடிவே நின்றது.

1801-இல் கம்பெனி கர்நாடகத்தை முழுசாக எடுத்துக்கொண்டது. பிறகு மிச்சக் கடன்களை ஆராய ஒரு ஆணையம் போட்டார்கள். பல ஆண்டுகள் அது உட்கார்ந்தது. வந்த பத்திரங்களில் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளப்பட்டது. செல்லும் என்றவற்றுக்கான பணத்தைக் கர்நாடக வருவாயிலிருந்தே கட்டினார்கள். நம் ஆற்காட்டுச் சீமைக் குடியானவன் கட்டிய வரியும் அதில் உண்டு.

நன்றி, வணக்கம்.