மேலே போன ஊர்தி மறுபடியும் போகுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

விண்வெளிச் சுற்றுலா என்றதும், செல்வந்தர் சிலர் கோடிகளைக் கொட்டிப் பத்து நிமிடம் போய்வந்த கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். யார் போனார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பேச்சை இன்று ஓரமாக வைத்துவிடுவோம். அவர்களைச் சுமந்து போன ஊர்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது முழுதாகத் திரும்பியதா, திரும்பிய பிறகு எவ்வளவு விரைவில் மறுபடி புறப்பட்டது என்பவைதான் என் கேள்விகள்.

1996-இல் அமெரிக்காவில் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அதற்கு அன்சாரி எக்ஸ் பரிசு என்று பெயர் வந்தது. தொகை 1 கோடி டாலர். அரசுப் பணம் இல்லாமல் கட்டப்பட்ட, மூன்று பேரைச் சுமக்கக்கூடிய ஊர்தி, விண்வெளியின் எல்லையாகப் பலரும் கொள்ளும் 100 கிலோமீட்டர் உயரம் தொட்டுத் திரும்ப வேண்டும். அதே ஊர்தி இரண்டே வாரத்துக்குள் இன்னொரு முறையும் போய்வர வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்தவர் கெட்டிக்காரர். ஒரு முறை மேலே போக, பணமும் துணிச்சலும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் போதும். இரண்டு வாரத்தில் மறுபடி போக வேண்டுமென்றால், முதல் பயணத்தில் எதுவும் கருகியிருக்கக் கூடாது, விரிசல் விட்டிருக்கக் கூடாது.

இது தனியார் கைக்கு எட்டியதற்கு இயற்பியலில் ஒரு சலுகை இருக்கிறது. பூமியைச் சுற்றிவர நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. 100 கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிட்டுத் திரும்பி விழ, நொடிக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஊட்ட வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். இறங்கும்போது தணிக்க வேண்டிய வெப்பமும் அதற்கேற்பக் குறைவு. பயணிகள் மிதப்பதற்கு ஈர்ப்பு விசை அங்கே இல்லாமற்போனது காரணமல்ல. அந்த உயரத்தில் அது மூன்று சதவீதம்தான் குறைந்திருக்கிறது. எஞ்சின் அணைந்ததும் ஊர்தியும் பயணியும் ஒன்றாக, ஒரே விதமாக விழத் தொடங்கிவிடுகிறார்கள். மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே மிதப்பு ஆரம்பித்துவிடும். மூன்று நான்கு நிமிடங்கள்தான்.

பரிசை வென்றவர் விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான். கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் அவருடைய ஸ்கேல்ட் காம்போசிட்ஸ் நிறுவனம் ஸ்பேஸ்ஷிப் ஒன் என்ற ஊர்தியைக் கட்டியது. பணம் போட்டவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன். தாய் விமானம் ஒன்று அதை வயிற்றுக்கு அடியில் சுமந்து மேலே போய் விடுவிக்கும். பிறகு அதன் ராக்கெட் பற்றிக்கொள்ளும். எரிபொருள் ஒருவகை ரப்பர், அதை எரியவைப்பது நைட்ரஸ் ஆக்சைடு. திரும்பி இறங்குவதற்கு ரூட்டான் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உச்சியில் ஊர்தியின் வால் பகுதி மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். இறகுப்பந்து எப்படி எறிந்தாலும் தலைகீழாகித் தன்னை நேராக்கிக்கொண்டு இறங்குமோ, அப்படி இந்த ஊர்தியும் தானாகவே நிலைகொண்டு இறங்கும். விமானியோ கணினியோ திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

2004 செப்டம்பர் 29 அன்று மைக் மெல்வில் ஓட்டினார். அக்டோபர் 4 அன்று பிரையன் பின்னி ஓட்டினார். இடைவெளி ஐந்தே நாள். பரிசு கிடைத்தது. மறுபடி பறக்க முடியும் என்று உலகுக்கு நிரூபித்த அந்த ஊர்தி, நிரூபித்த பிறகு ஒருமுறைகூடப் பறக்கவில்லை. வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது!

அதன் பெரிய தம்பியைக் கொண்டு பயணிகளை ஏற்ற, பிரிட்டன் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் அதே ஆண்டில் வர்ஜின் கலாக்டிக் நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் நடக்கும் என்றார்கள். 2007-இல் தரையில் நடந்த நைட்ரஸ் ஆக்சைடு சோதனையில் வெடிப்பு ஏற்பட்டு மூவர் இறந்தனர். 2014 அக்டோபர் 31 அன்று சோதனைப் பறத்தலில் ஊர்தி வானிலேயே சிதறியது. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேனே, அந்த மடங்கும் வால்தான் காரணம். ஒலியைவிட 1.4 மடங்கு வேகம் வந்த பின் திறக்க வேண்டிய பூட்டை, 0.8 மடங்கிலேயே அவர் திறந்துவிட்டார். காற்றின் அழுத்தம் வாலைத் தானாக மடக்கியது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இறந்தவர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. ஒரே ஒரு மனிதத் தவறு பேரழிவாக முடியும் என்பதை எண்ணிப் பார்த்து அதற்குக் காப்பு வைக்கத் தவறிய வடிவமைப்பாளர்களைச் சுட்டிக்காட்டியது. கட்டணம் செலுத்திய பயணிகளுடன் வணிகப் பறத்தல் தொடங்கியது 2023 ஜூனில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரப்பர் எரிபொருள் அடைத்த அந்த மோட்டார் உறை ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்னும் கழற்றப்பட்டு, புதியது பொருத்தப்படுகிறது. விளம்பரத்தில் மறுபயன்பாடு என்று பெரிதாக இருக்கும். உறையைப் பற்றிய பேச்சு சிறிய எழுத்தில் இருக்கும்.

ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் வேறு பாதையில் போனது. நியூ ஷெப்பர்ட் செங்குத்தாக எழும்பி, செங்குத்தாகவே எஞ்சினை மூட்டி இறங்கும் ராக்கெட். தலையிலுள்ள, பயணிகள் அமரும் கேப்சூல் பிரிந்து பாராசூட்டில் வரும். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிவதால் வெளியேறுவது நீராவி. எஞ்சினில் கரி படிவதில்லை. 2015 நவம்பரில் மேற்கு டெக்சாஸில் அது 100 கிலோமீட்டர் தாண்டிப் போய்த் தரையிறங்கியது. அதே ராக்கெட் இரண்டு மாதத்தில், 2016 ஜனவரியில், மறுபடி போனது. 2021 ஜூலையில் பெசோஸும் மற்ற மூவரும் பறந்தார்கள்.

2022 செப்டம்பரில், ஆளில்லாப் பறத்தல் ஒன்றில், எஞ்சினின் கூம்புக் குழாய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சூடாகி உடைந்தது. கேப்சூல் தப்பித்து இறங்கியது. ராக்கெட் பாலைவனத்தில் விழுந்தது. அதன் துண்டுகளைத் தேடி எடுத்துக் காரணம் கண்டார்கள். அடுத்த பறத்தலுக்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. என் பார்வையில், பணம் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் இருக்கிறது. ஒருமுறை போய்க் கடலில் மூழ்கும் ராக்கெட் தன் குறைகளையும் கூடவே மூழ்கடித்துவிடும். திரும்பி வருவது தன் காயங்களைக் காட்டும்.

ஆனால் காயங்களிலிருந்து பாடம் கற்க நிறையப் பறக்க வேண்டும். 1959 முதல் 1968 வரை அமெரிக்க அரசின் எக்ஸ்-15 ராக்கெட் விமானங்கள் மூன்றும் சேர்ந்து 199 முறை பறந்தன. வர்ஜின் கலாக்டிக் பயணிகளை ஏற்றிச் சென்ற யூனிட்டி என்ற ஊர்தி விண்வெளி விளிம்புக்குப் போனது 12 முறை. 2024 ஜூனோடு ஓய்வு பெற்றுவிட்டது. அமெரிக்கச் சட்டம் 2004 முதலே பயணிகளின் பாதுகாப்புக்கு விதி வகுக்காமல் தொழிலுக்கு அவகாசம் கொடுத்துவருகிறது. அந்த அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டு இப்போது 2028 வரை நிற்கிறது. ஏறுபவர், அபாயம் தெரிந்தே வருகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். தொழில் முதிர அவகாசம் தருவது நியாயம்தான். ஆனால் முதிர்வதற்கு வேண்டிய பறத்தல்களே நடக்கவில்லை என்றால், அவகாசத்தை எத்தனை முறை நீட்டித்து என்ன பயன்?

யூனிட்டிக்குப் பதிலாக வரும் டெல்டா வகை ஊர்தி ஒவ்வொன்றும் மாதத்துக்கு எட்டு முறை வரை பறக்கும்படி வடிவமைக்கப்படுவதாக நிறுவனம் சொல்கிறது. யூனிட்டி மாதத்துக்கு ஒருமுறை பறந்ததே அதன் உச்சம். முதல் பறத்தலன்று தொலைக்காட்சிகள் கொண்டாடும். நான் பார்க்கப்போவது நான்காவது மாதத்தின் கணக்கை.

வணக்கம்.