டயலில் இல்லாத பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிரெஞ்சுச் சுவர்க் கடிகாரங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் அதன் வெளிக்கூட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

பதினைந்தாம் லூயி பிரான்சை ஆண்ட காலத்தில் பாரிஸ் பணக்காரர்களின் வரவேற்பறைகளை அலங்கரித்தது 'கார்ட்டெல்' என்னும் சுவர்க் கடிகாரம். பெரும்பாலும் வெண்கல வார்ப்பு, அதன் மேல் தங்க முலாம். அந்தக் காலத்து அலங்காரப் பாணிக்கு ரொக்கோக்கோ என்று பெயர். அதற்கு ஜோடிப் பொருத்தம் பிடிக்காது. இடப்பக்கம் ஓர் இலை மேல்நோக்கிச் சுருண்டால், வலப்பக்கம் வேறொன்று கீழே வழியும். சிப்பியும் பூங்கொடியும் இஷ்டத்துக்கு வளைந்து போகும். எனாமல் பூசிய டயல் ஒன்றுதான் ஒழுங்கான வட்டம்.

ஷார்ல் கிரெஸ்ஸான் என்ற பாரிஸ் கைவினைஞர் செய்த ஒரு கார்ட்டெல் லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. உச்சியில் காதல் தேவனான குழந்தை க்யூபிட். கீழே காலத்தின் உருவமான சிறகு முளைத்த கிழவன் தோற்றுப்போய்ச் சாய்ந்து கிடக்கிறான். மணி பார்க்கிற சாமானிலேயே காலத்தை மண்ணைக் கவ்வ வைத்த குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதை ஒரே ஆள் செய்துவிட முடியாது. சிற்பி முதலில் ஒரு மாதிரி உருவத்தைச் செய்வார். வார்ப்பவர் உலோகத்தை ஊற்றுவார். வார்ப்பு கரடுமுரடாகத்தான் வரும். இலை நரம்பையும் இறகின் கோட்டையும் உளியால் ஒவ்வொன்றாகத் தீட்டுபவர் இன்னொருவர். அப்புறம் முலாம் பூசுபவர். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, களிம்பாக்கி, வெண்கலத்தின் மேல் தடவி, தணலில் காட்டுவார். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். மேடான இடங்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்து, பள்ளங்களை மங்கலாகவே விட்டுவிடுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இலைகள் அசைகிற மாதிரி தெரிவது இதனால்தான்.

இத்தனை பேர் உழைத்தும் டயலில் இருப்பது கடிகாரக்காரர் பெயர். ஜூலியன் லெ ருவா போன்ற பெயர்கள். கூடு செய்தவரின் கையொப்பம் அபூர்வம். போதாக்குறைக்கு, அப்போது ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் தனிச் சங்கம், ஒரு சங்கத்தின் தொழிலை இன்னொரு சங்கத்தார் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. கிரெஸ்ஸான் மர வேலைக்காரர். வெண்கலத்தையும் தன் பட்டறையிலேயே வார்த்தார் என்று சங்கத்தார் அவரைச் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார்கள். சில கூடுகளில் கிரீடம் சூடிய 'சி' எழுத்து முத்திரை இருக்கும். அதுவும் செய்தவர் பெயரல்ல, 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைகளுக்கு அரசு போட்ட வரியின் முத்திரை. கடிகாரத்தின் வயதைக் கணிக்க நமக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

முலாம் பூசியவர்கள் நாள் முழுக்கப் பாதரச ஆவியைச் சுவாசித்தார்கள். கை நடுங்கும், பல் ஆடி விழும், ஆயுள் குறையும். அந்தக் காலத்துப் பாரிசில் இது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் 1814-இல் இறந்த ராவ்ரியோ என்ற வெண்கல வேலைக்காரர்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுக்கத் தன் உயிலில் பணம் ஒதுக்கிவைத்தார். ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்து அதை வென்றவர் வேதியியலாளர் தார்சே. அதற்குள் ரொக்கோக்கோ மோகம் போய் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.